நாற்பத்தெட்டாவது பெயர்



திண்டிவனத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக் கொண்டிருக்கும் ஓர் உஸ்தாதுக்குக் கணினி நிரலைப் பற்றி எழுத என்ன தகுதி என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் கல்லூரியில் படித்தது தமிழ் இலக்கியம். மதரஸாவில் ஓதியது அரபு இலக்கணமும் மார்க்கச் சட்டமும். கணினியின் விசைகளை இன்றும் இரண்டு விரல்களால் தேடித் தேடித் தட்டுகிறவன் நான். ஆனால் கணினியைக் கொண்டு ஒரு பெரும்பிழையைச் செய்து, அதைத் திருத்த முப்பது வீடுகளின் படியேறி இறங்கியவன் என்னும் தகுதி எனக்குண்டு. அந்தத் தகுதியிலேயே இதை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஷஃபான் பிறை வளர்ந்துகொண்டிருந்த நாட்கள். எங்கள் மக்தபில் காலையும் மாலையும் ஓத வரும் பிள்ளைகள் அன்று 48 பேர். நோன்புக்கு முன்பாக ஆண்டுத் தேர்வு வைப்பது வழக்கம். வெளியூரிலிருந்து ஓர் ஆலிம் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்து ஓதச் சொல்லிக் கேட்டு, குறிப்பேட்டில் மதிப்பெண் இடுவார். பிறகு நான் அட்டைகளில் கையால் எழுதிக் கொடுப்பேன். 48 அட்டைகள் எழுதி முடிக்க இரண்டு இரவுகள் ஆகும்.

அந்த ஆண்டு என் பழைய மாணவன் ஒருவன் உதவ முன்வந்தான். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் கணினிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தான். “ஹஜ்ரத், ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள்? பெயர்களை ஒரு பட்டியலாகவும், வீட்டுத் தொலைபேசி எண்களை ஒரு பட்டியலாகவும், மதிப்பெண்களை ஒரு பட்டியலாகவும் எனக்கு அனுப்பிவிடுங்கள். நான் ஒரு சிறு நிரல் எழுதி, எல்லா வீட்டுக்கும் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுகிறேன்” என்றான். பெயர்களும் எண்களும் அவனிடம் முன்பே இருந்தன; அகர வரிசையில் அவனே அடுக்கி வைத்திருந்தான். மதிப்பெண்களை மட்டும் நான் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். ஆலிம் அவர்களின் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓர் இஷாவுக்குப் பின் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகத் தட்டினேன். குறிப்பேட்டில் 19ஆம் பெயருக்கு நேரே இடம் வெறுமையாக இருந்தது. அந்தச் சிறுமிக்குக் காய்ச்சல், தேர்வுக்கு வரவில்லை. வெறுமையாக இருந்ததை என்னவென்று தட்டுவது? விட்டுவிட்டு அடுத்த எண்ணைத் தட்டினேன். 

நான் செய்தது அவ்வளவுதான். ஒரு வெற்றிடத்தைத் தாண்டினேன்.

வியாழன் இரவு செய்திகள் போயின. வெள்ளி ஜும்ஆ முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் தூணருகே நின்றுகொண்டிருந்தார். 19ஆம் சிறுமியின் அத்தா. பேருந்து நிலையத்தின் அருகே தள்ளுவண்டியில் பழம் விற்கிறவர். தொலைபேசியை என்னிடம் நீட்டினார். “ஹஜ்ரத், என் மகளுக்கு 88 மதிப்பெண், பரிசுக்கு உரியவள் என்று வந்திருக்கிறது. அவள்தான் பரீட்சைக்கே வரவில்லையே? வேறு யாருடைய பிள்ளைக்கோ உரியது எங்களுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது” என்றார்.

வாசகர்களே, அந்த மனிதர் பேசாமல் இருந்திருக்கலாம். பரிசுக்கென்று நாங்கள் வைத்திருந்தது ஒரு பள்ளிப் பையும் குறிப்பேடுகளும். அவருடைய வீட்டில் அது சிறிய பொருள் அன்று. அவர் பேசியதால்தான் பிழை ஒரே நாளில் வெளிப்பட்டது. பேசாதிருந்தால் எத்தனை நாள் கழித்துத் தெரிந்திருக்கும், தெரிந்தே இருக்குமா என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது.

உடனே குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். 88 என்பது 20ஆம் சிறுமியின் மதிப்பெண். அப்படியானால் 20ஆம் சிறுமிக்கு என்ன போயிற்று? 21ஆம் பையனுடைய 31 போயிருந்தது. 21க்கு 22உடையது. 22க்கு 23உடையது. இப்படியே 47 வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளையின் மதிப்பெண். முதல் 18 பேருக்குச் சரி. அடுத்த 29 பேருக்கும் தவறு. கடைசியான 48ஆம் பையனுக்கு எந்தச் செய்தியும் போகவே இல்லை.

அன்று மாலையே மாணவனைத் திண்டிவனத்துக்கு வரச் சொன்னேன். அவன் முகம் வெளுத்திருந்தது. பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து எனக்கு விளக்கினான். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றதைத் தங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தங்கள் பிள்ளைகளிலும் பலர் இதைப் படிக்கிறார்கள்; தமிழ்நாட்டு அரசின் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் 2019ஆம் ஆண்டு முதல் பைத்தான் மொழி இடம்பெற்றிருக்கிறது. அவன் நிரல் எழுதியதும் அதே மொழியில்தான்.

ஒரு பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி கணினிக்குச் சொல்லலாம். இதை மடக்கு என்கிறார்கள். பட்டியல் ஒன்றே என்றால் தொல்லையில்லை. ஆனால் வாழ்க்கையில் விவரங்கள் பெரும்பாலும் பல பட்டியல்களாகவே வருகின்றன. இங்கே பெயர், அங்கே எண், இன்னோரிடத்தில் மதிப்பெண். மூன்றிலும் முதலாவதை ஒன்றாக எடு, பிறகு மூன்றிலும் இரண்டாவதை ஒன்றாக எடு என்று கைகோத்து நடத்திச் செல்ல வேண்டும். அதற்குப் பைத்தானில் உள்ள சொல் ‘ஜிப்’. நம் பைகளிலும் காற்சட்டைகளிலும் தைக்கிற அதே ஜிப்தான். இரண்டு வரிசைப் பற்களை ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டே போகிறது அல்லவா, அந்த உவமையில் வைத்த பெயர்.

2000ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 2.0 பதிப்பில் இந்த ‘ஜிப்’ சேர்ந்தது. அதைச் சேர்க்கும்படி முன்மொழிந்த ஆவணத்துக்கு எண் 201; எழுதியவர் பேரி வார்சா. ‘லாக்ஸ்டெப்’ நடை என்று அதன் தலைப்பில் வருகிறது. படைவீரர்கள் ஒருவர் அடியெடுத்து வைக்கும்போதே மற்றவரும் அடியெடுத்து வைக்கும் நடை. 

“சரி தம்பி, ஒரு வரிசையில் 48 பேரும் மற்றொரு வரிசையில் 47 பேரும் இருந்தால் அந்த நடை என்னவாகும்?” என்று கேட்டேன்.

“எந்த வரிசை முதலில் தீர்கிறதோ அதோடு நின்றுவிடும், ஹஜ்ரத்.”

“சொல்லிவிட்டு நிற்குமா?”

“சொல்லாது.”

இந்த ஒரு சொல்லில்தான் எங்கள் முப்பது வீட்டுத் துன்பமும் அடங்கியிருந்தது. 47 வரி எழுதியது, வேலை முடிந்தது என்று ஓய்ந்தது. தவறு நேர்ந்ததற்கான அடையாளம் எதையும் அது காட்டவில்லை. 

மற்ற கணினி மொழிகள் இந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று கேட்டேன். அவன் சொன்னவை எனக்குப் பெருவியப்பை அளித்தன. 1958இல் தொடங்கிய லிஸ்ப் மொழியின் வழிவந்த காமன் லிஸ்ப்பிலும் ‘மாப்கார்’ என்னும் கட்டளை இப்படியே குறைந்த பட்டியலோடு நின்றுவிடும். சி மொழியில், பட்டியலின் எல்லை தாண்டிக் கையை நீட்டினாலும் மொழி தடுக்காது. அங்கே நினைவகத்தில் கிடக்கும் ஏதோ ஒன்று மதிப்பெண்ணாக வந்து சேரலாம், நிரலே முறிந்தும் போகலாம், எது நேரும் என்பதற்கு உறுதியில்லை. ஜாவா மொழி அவ்விடத்திலேயே பிழை என்று அறிவித்து நின்றுவிடும். புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் ‘ஆர்’ என்னும் மொழி இருக்கிறதே, அது இன்னும் வேடிக்கை. கணக்குப் போடும்போது சிறிய பட்டியல் தீர்ந்துவிட்டால் மறுபடி அதன் முதலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 48க்கு 47 என்றால் எச்சரிக்கையாவது தரும். 48க்கு 24 என்றால், சரியாக இரண்டு முறை சுற்றி வருவதால், எச்சரிக்கையும் கிடையாது. பந்தியில் இலை போதவில்லை என்று முதல் வரிசையில் உண்டவர்களின் இலையையே எடுத்து வந்து மறுபடி விரிப்பதைப் போல என்று எனக்குத் தோன்றிற்று. அதற்கும் அம்மொழியினர் ஒரு பயன் வைத்திருப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

பைத்தானிலேயே ‘ஜிப்’ வருவதற்கு முன்னிருந்த பழைய வழியில், குறைந்த பட்டியலின் முடிவில் ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்தரும் சொல்லை இட்டு நிரப்பும் முறை இருந்ததாம். இப்போதும் அதற்கெனத் தனிக் கட்டளை உண்டு. அப்படி நிரப்பியிருந்தால் எங்கள் 48ஆம் பையனுக்கு ‘மதிப்பெண்: ஒன்றுமில்லை’ என்றாவது போயிருக்கும். நான் விழித்திருப்பேன். ஆனால் இடையிலுள்ள 29 பேரின் தவறு அப்போதும் தவறாகவே இருந்திருக்கும். இட்டு நிரப்புவது கடைசியில்தானே, காலியான இடத்தில் அன்று.

இவற்றை அவன் சொல்லிக்கொண்டிருக்கையில் என் மனம் வேறோர் இடத்துக்குப் போய்விட்டது. தமிழ் படித்தவன் அல்லவா! இது நமக்குப் புதிய செய்தியே அன்று. தொல்காப்பியத்தின் எச்சவியலிலேயே நிரல்நிறை என்று ஒன்று சொல்லப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த எட்டுவகைப் பொருள்கோளிலும் அது ஒன்று. பெயர்களை ஒரு வரிசையாகவும் அவற்றுக்குரிய வினைகளையோ பண்புகளையோ மற்றொரு வரிசையாகவும் நிறுத்தி, முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் கூட்டிப் பொருள்கொள்வது. திருக்குறளின் 45ஆம் குறளை இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டாத தமிழாசிரியர் இல்லை. அன்பு இல்வாழ்க்கையின் பண்பு, அறம் அதன் பயன் என்று வரிசை பிறழாமல் கூட்டிக் கொள்ள வேண்டும். கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதிக்கு இன்று நாம் வைத்திருக்கும் பெயரும் ‘நிரல்’ என்றே அமைந்திருப்பதைத் தாங்கள் கவனித்தீர்களா?

அரபு மதரஸாவில் ஓதியவர்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வரும். அணியிலக்கணமான பதீஃ கலையில் ‘லஃப்பு வ நஷ்ர்’ என்று ஒரு பாடம். சுருட்டுதலும் விரித்தலும் என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 739இல் மறைந்த கதீப் கஸ்வீனி அவர்களின் ‘தல்கீஸுல் மிஃப்தாஹ்’ ஓதும்போது இதைக் கற்போம். ஸூரத்துல் கஸஸின் 73ஆம் வசனத்தில் இரவையும் பகலையும் சேர்த்துக் கூறிவிட்டு, அதன்பின் ஓய்வு கொள்வதையும் அவனது அருளைத் தேடுவதையும் சேர்த்துக் கூறியிருப்பதை எடுத்துக்காட்டுவார்கள். ஓய்வு இரவுக்கு, தேடல் பகலுக்கு. எங்கள் உஸ்தாது இரு கைவிரல்களையும் கோத்துக் காட்டித்தான் இதை நடத்துவார். அன்று திண்ணையில் என் மாணவன் ‘ஜிப்’பை விளக்கக் காட்டியதும் அதே கைச்சாடைதான்.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. நிரல்நிறையில் முறை நிரல்நிறை, எதிர் நிரல்நிறை என்று இரு வகை உண்டு. அரபிலும் வரிசைப்படி வருவதும் வரிசை மாறி வருவதும் உண்டு. ‘பேனாவும் செருப்பும் காலுக்கும் கைக்கும் உரியவை’ என்று நான் சொன்னால் தாங்கள் பேனாவைக் காலில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். வரிசை பிறழ்ந்தாலும் பொருள் நம்மை நேராக்கிவிடுகிறது. கணினிக்குப் பொருள் தெரியாது. வரிசை ஒன்றே தெரியும். அதைவிடக் கொடியது, மதிப்பெண்களில் நமக்குமே பொருள் தெரிவதில்லை என்பது. 88 என்ற எண்ணுக்கு முகம் கிடையாது. அது எந்தப் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் நின்றாலும் பொருத்தமாகவே தோன்றும். 31உம் அப்படித்தான்.

வரிசை கலைந்துபோன இரண்டு பட்டியல்களை மீண்டும் சேர்த்த ஒருவரைப் பற்றி நாம் அறிவோம். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பக்தாதுக்கு வந்தபோது அங்குள்ள அறிஞர்கள் அவர்களைச் சோதிக்க விரும்பி, நூறு ஹதீஸ்களின் அறிவிப்பாளர் தொடர்களையும் வாசகங்களையும் பிரித்து, ஒன்றின் தொடரை மற்றொன்றின் வாசகத்தோடு பொருத்தி, பத்துப் பேரிடம் பத்துப் பத்தாகக் கொடுத்துக் கேட்கச் செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இமாம் அவர்கள் ஒவ்வொன்றுக்கும் ‘இதை நான் அறியேன்’ என்றே விடையளித்தார்களாம். எல்லாரும் கேட்டு முடித்தபின், முதல்வர் கேட்ட முதல் ஹதீஸிலிருந்து தொடங்கி, நீர் சொன்னது இப்படி, சரியானது இப்படி என்று நூறையும் அதனதன் இடத்தில் சேர்த்தார்கள். சரியானதை அவர்கள் அறிந்திருந்ததில் வியப்பில்லை, ஒரே முறை கேட்ட தவறான வரிசையை அப்படியே நினைவில் வைத்திருந்ததுதான் வியப்பு என்று இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். எங்களிடம் அத்தகைய நெஞ்சம் இல்லை. குறிப்பேடு ஒன்று கிழியாமல் இருந்தது, அதுவே பெரிது.

திருத்தச் செய்தியைக் கணினி வழியே மறுபடி அனுப்பிவிடலாம் என்றான் மாணவன். நான் ஒப்பவில்லை. சனிக்கிழமை அஸர் தொடங்கி ஞாயிறு இரவு வரை முப்பது வீடுகளுக்கும் நானே போனேன். அவனும் உடன் வந்தான். வரும்படி நான் சொல்லவில்லை.

முதலில் 20ஆம் சிறுமியின் வீடு. அவளுக்கு 31 என்றும், மீண்டும் அதே பாடத்தை ஓத வேண்டும் என்றும் செய்தி போயிருந்தது. அண்ணன் கடிந்திருக்கிறான், தாயும் ஒருநாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. நான் சென்றபோது அந்தப் பிள்ளை திண்ணை ஓரத்தில் அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தாள். ‘நீ பெற்றது 88, அம்மா, பிழை எங்களுடையது’ என்றேன். அவள் மகிழவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் சரியாகத்தான் ஓதினேன் என்று நினைத்திருந்தேன். செய்தி வந்ததும், தவறாக ஓதிவிட்டேன் போலிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டேன்” என்றாள். பத்து வயதுப் பிள்ளை, தன் நாவின் மீதிருந்த நம்பிக்கையை விட்டுவிட்டு, தொலைபேசியில் வந்த எண்ணை நம்பியிருக்கிறாள். அது என்னைச் சுட்ட அளவுக்கு வேறெதுவும் சுடவில்லை.

மிகவும் கடினமான வீடு அதுவன்று. குறைந்த மதிப்பெண்ணை உயர்த்திச் சொல்வது எளிது. உயர்ந்ததைக் குறைத்துச் சொல்லப் போவதுதான் கடினம். 79 என்று செய்தி வந்த ஒரு வீட்டில் அண்டை அயலாருக்கெல்லாம் இனிப்பு வழங்கியிருந்தார்கள். உண்மையான மதிப்பெண் 42. அந்தப் பையனின் பாட்டியார் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, “இயந்திரம் தப்பாகப் போட்டுவிட்டதா, ஹஜ்ரத்?” என்று கேட்டார்கள். ஆம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். நாவின் நுனி வரை வந்துவிட்டது. “இல்லை அம்மா, இயந்திரம் நான் கொடுத்த வரிசையில்தான் போட்டது. வராத பிள்ளைக்கு ஒரு குறி இடாமல் தாண்டியவன் நான்” என்றேன். பையன் உள்ளறைக்குப் போய்விட்டான். தேநீர் வந்தது. குடிக்காமல் எழுவது மரியாதையன்று என்பதால் குடித்தேன்.

கடைசியாக 48ஆம் பையன். ஹகரத்தில் தொடங்கும் பெயர். ஆகவே எந்தப் பட்டியலிலும் இறுதியில் நிற்பவன். அத்தா இல்லை, தாயார் வீட்டு வேலைக்குச் செல்பவர். அவனுக்கு உரிய மதிப்பெண் 64. நல்ல மதிப்பெண்தான். “மூன்று நாட்களாகச் செய்தி வரவில்லையே, ஏனப்பா வந்து கேட்கவில்லை?” என்றேன். “எல்லாருக்கும் வந்து முடிந்த பிறகு எனக்கு வரும் என்று இருந்தேன், ஹஜ்ரத். எப்போதும் நான்தானே கடைசி” என்றான். என் மாணவன் தெருவுக்குப் போய் நின்றுகொண்டான்.

அன்றிரவு திரும்பி வரும்போது இனி என்ன செய்வது என்று பேசிக்கொண்டே நடந்தோம். பைத்தானின் 3.10 பதிப்பில், 2021 அக்டோபரில், ‘ஜிப்’புக்கு ஒரு கண்டிப்பான வகை வந்திருக்கிறது. பிராண்ட் புக்கர் என்பவர் முன்மொழிந்தது. பட்டியல்களின் நீளம் ஒத்திராவிட்டால் அது பிழை என்று கூறி நின்றுவிடும். எங்கள் தேர்வுக்கு ஐந்தே மாதங்களுக்கு முன் வந்த வசதி. அவன் கணினியில் இருந்ததோ பழைய பதிப்பு. “அதைப் போட்டுவிட்டால் போதும், ஹஜ்ரத்” என்றான்.

எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. “தம்பி, நான் 19ஐத் தாண்டியதோடு, தூக்கக் கலக்கத்தில் 40ஆம் எண்ணை இருமுறை தட்டியிருந்தால்?” என்றேன். அவன் நின்றுவிட்டான். அப்படியானால் இரண்டும் 48ஆகவே இருந்திருக்கும். கண்டிப்பான ‘ஜிப்’பும் மகிழ்ச்சியோடு கோத்துக் கொடுத்திருக்கும். 19 முதல் 39 வரை 21 பிள்ளைகளுக்குத் தவறாகப் போயிருக்கும். எண்ணிக்கை ஒத்திருப்பது வேறு, இணை ஒத்திருப்பது வேறு. ஹிஜ்ரி மாதங்களும் பன்னிரண்டு, ஆங்கில மாதங்களும் பன்னிரண்டு என்பதற்காக இரண்டையும் கோத்துவிட முடியுமா? நமது ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள்; ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நழுவி, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. எந்த வரிசையில் வைத்தாலும் அடுத்த ஆண்டு பிறழ்ந்துவிடும். நாட்காட்டி அச்சிடுகிறவர்கள் மாதத்தை மாதத்தோடு கோப்பதில்லை. ஒவ்வொரு நாளின் தாளிலும் மூன்று தேதிகளையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள்.

இதைச் சொன்னதும் மாணவன், “அதுதான் சரி, ஹஜ்ரத்! பட்டியல்களைப் பிரித்து வைத்ததே தவறு” என்றான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சேர்க்கை எண். பெயரோடும் அந்த எண், தொலைபேசியோடும் அந்த எண், மதிப்பெண்ணோடும் அந்த எண். எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பாராமல், எண்ணைப் பார்த்துச் சேர்க்கும்படி நிரலை மாற்றினான். அப்போது வரிசை கலைந்தாலும் பிள்ளை கலையாது. மதிப்பெண் இல்லாத எண் வந்தால் நிரல் அந்தப் பெயரை மட்டும் தனியே எடுத்துக் காட்டும். இவ்வளவுக்கும் ‘ஜிப்’பைக் குறை சொல்வது முறையன்று. ஒரே ஊற்றிலிருந்து வந்த, இடையில் யாரும் கைவைக்காத வரிசைகளைக் கோக்க அதைவிட எளிய கருவி இல்லை என்கிறான் அவன். மனிதக் கை தட்டிய பட்டியல்களுக்குத்தான் அது ஆகாது.

இதை மக்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். தொழுகை வரிசையைக் காட்டினேன். ஸஃப்பில் ஒருவர் விலகினால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து அந்த இடைவெளியை மூட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவன் நான்தான். எண்களும் அன்று அதையேதான் செய்தன. ஒருத்தி வராத இடத்தை மூட, 29 பேரும் ஒவ்வோர் அடி நகர்ந்து நெருங்கிக்கொண்டார்கள். பள்ளிவாசலில் நன்மையானது பதிவேட்டில் தீங்காகிவிட்டது. ‘பதிவேட்டில் இடைவெளி இடைவெளியாகவே இருக்க வேண்டும்’ என்றேன். 20ஆம் சிறுமி மட்டும் சிரித்தாள்.

பரிசுப் பை அவளுக்குப் போயிற்று. 19ஆம் சிறுமிக்கு நோன்புக்குப் பின் தனியே தேர்வு வைத்தோம், 71 பெற்றாள். அவளுடைய அத்தாவிடம் இதைச் சொன்னபோது, வண்டியிலிருந்து இரண்டு கொய்யாப் பழங்களை எடுத்து என் கையில் வைத்தார்.

அடுத்த ஆண்டு ஷஃபானில் பிள்ளைகள் 51 பேர். மாணவன் நிரலை இயக்கியதும் அது உடனே ஒரு பெயரைத் தனியே எடுத்துக் காட்டியது. ஆறாம் பெயர். மதிப்பெண் இல்லை. பார்த்தால், அந்தக் குடும்பம் இரண்டு மாதங்களுக்கு முன்பே ஊரை விட்டுச் செஞ்சிக்குக் குடிபெயர்ந்திருந்தது. பெயரை அடித்துவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லி, பெயருக்கு நேரே ‘ஊர் மாற்றம்’ என்று எழுதி வைத்தேன்.